நாற்காலியில் சாய்ந்திருக்கும் அக்கா: எட்வர்ட் மூங்க் ஆறு முறை வரைந்த ஓவியம்

1886, இலையுதிர்காலம். இன்றைய ஓஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் ஒரு படம் மாட்டப்பட்டிருந்தது. உயரமும் அகலமும் ஏறத்தாழ 120 செ.மீ. தலைப்பு வெறுமனே 'பயிற்சிப் படம்'. வரைந்த இளைஞருக்கு வயது 22. திறப்பு நாளன்று அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது அந்தப் படத்தின் முன்னால் ஆட்கள் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நாற்காலியில், பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்து, ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். செம்பட்டைத் தலைமுடி. முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, வலது ஓரத்திலுள்ள இருண்ட திரைச்சீலையைப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு பெண் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரியாது. வகிடும் கொண்டையும்தான் தெரிகின்றன. இடது பக்கம் ஒரு மருந்துப் புட்டி, வலது பக்கம் ஒரு கண்ணாடி டம்ளர். அவ்வளவுதான். கூட்டம் சிரித்தது படத்தின் மேற்பரப்பைப் பார்த்து. சாயம் வழிந்திருந்தது, கீறல்கள் இருந்தன, கைகள் கைகளாகவே இல்லை. அரைகுறை வேலை என்று நினைத்தார்கள்.

பின்னாளில் 'நோயுற்ற சிறுமி' என்று பெயர் பெற்ற படம் இது. வரைந்தவர் எட்வர்ட் மூங்க். 'அலறல்' ஓவியத்தால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். ஒரு ஓவியரின் வாழ்க்கை அவருடைய ஓவியத்துக்குள் எப்படி இறங்குகிறது என்று பேசும்போது எல்லோரும் 'அலற'லைத்தான் எடுப்பார்கள். நான் இந்தச் சிறுமியை எடுக்கிறேன். வீட்டில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். படத்தை எப்படி வரைந்தார் என்று மூங்க்கே எழுதி வைத்திருக்கிறார். அப்புறம், நாற்பது ஆண்டுகளில் இதே படத்தை ஆறு முறை வரைந்திருக்கிறார். எனவே ஊகத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் நடந்தது

மூங்க் 1863 டிசம்பர் 12 அன்று நார்வேயின் லோட்டன் என்ற ஊரில் பிறந்தார். அடுத்த ஆண்டே குடும்பம் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா கிறிஸ்டியன் ராணுவ மருத்துவர், கடுமையான பக்திமான். வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூத்தவள் சோஃபி, எட்வர்டைவிட ஒரு வயது பெரியவள். அடுத்து எட்வர்ட், அவனுக்குக் கீழே ஆந்திரயாஸ், லாரா, இங்கர்.

1868 டிசம்பரில் அம்மா காச நோயில் இறந்தார். எட்வர்டுக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது, கடைக்குட்டி இங்கருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அம்மாவின் தங்கை காரன் பியோல்ஸ்டாட் வந்து வீட்டைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். இந்தச் சித்திதான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். எட்வர்டின் படம் வரையும் ஆசைக்கு வீட்டில் முதலில் துணை நின்றவரும் அவர்தான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1877-இல், அதே நோய் அக்கா சோஃபியைக் கொண்டுபோனது. அவளுக்கு வயது 15. எட்வர்டும் பதின்மூன்று வயதில் ரத்தம் ரத்தமாக இருமி, செத்துவிடுவோம் என்று பயந்தவன்தான். அவன் பிழைத்தான், அவள் பிழைக்கவில்லை.

இந்த வீட்டின் அப்பா ஒரு மருத்துவர் என்பதை மறக்கக் கூடாது. ஊரார் வீடுகளுக்கெல்லாம் போய் வைத்தியம் பார்ப்பவர். ஆனால் காச நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்ததே 1882-இல்தான். மனைவி சாகும்போதும் மகள் சாகும்போதும், எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. பிரார்த்தனைதான் மிஞ்சியது. அந்த அறையில் பெரியவர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இயலாமைதான் நினைவுக்கு வருகிறது. சாகப்போகிற பெண்ணின் முகத்தில் அமைதி இருக்கிறது. உடைந்துபோயிருப்பவள் பக்கத்தில் இருப்பவள்.

கீறியும் சுரண்டியும் ஓர் ஆண்டு

சோஃபி இறந்து எட்டு ஆண்டுகள் ஆனபின்தான் மூங்க் இந்தப் படத்தைத் தொட்டார். அதுவும் அக்காவின் முகத்தை நினைவிலிருந்து வரையவில்லை. அப்பா ஒரு வீட்டுக்கு, கால் எலும்பு முறிந்த ஒரு பையனுக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது மூங்க்கும் கூடப் போயிருந்தார். அங்கே பையனின் அக்கா, பெட்ஸி நீல்சன் என்ற 11 வயதுச் சிறுமி, தம்பியை நினைத்துக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். செம்பட்டை முடி, வெளுத்த முகம். அவளையே மாதிரியாக உட்காரவைத்து வரைந்தார். பக்கத்தில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் சித்தி காரன்.

இதை நினைத்துப் பாருங்கள். 1877-இல் தன் கண்ணெதிரே சாகும் அக்கா மகளின் பக்கத்தில் நிஜமாகவே இருந்த சித்தி, 1885-இல் மறுபடி ஒரு நாற்காலியின் பக்கத்தில், வேறொரு சிறுமியின் அருகே, தலையைக் குனிந்துகொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா பிள்ளை வரைகிறான். அந்த அறையில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ!

முதல் பார்வையில் தனக்குள் எழுந்த உணர்வு, வரைய ஆரம்பித்ததும் கைநழுவிப் போய்விட்டது என்று மூங்க் பின்னர் எழுதினார். நல்ல படம்தான் வந்தது, ஆனால் அது வேறு படம். அந்த முதல் கணத்தைத் திரும்பப் பிடிக்க ஓர் ஆண்டு போராடினார். திரும்பத் திரும்ப மேலே வரைந்தார், சுரண்டி எடுத்தார், சாயத்தை நீர்க்கவைத்து வழியவிட்டார், மறுபடி வரைந்தார். நடுங்கும் உதடு, வெளிச்சம் ஊடுருவும் தோல், நடுங்கும் கைகள், இவைதான் வேண்டும். நாற்காலியையும் டம்ளரையும் அளவுக்கு மீறித் துல்லியமாக வரைந்துவிட்டதால் அவை கண்ணை இழுத்து முகத்தைக் கெடுத்தன. எனவே அவற்றைப் பாதி சுரண்டிவிட்டார்.

இந்த வேலையின்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார். உற்றுப் பார்க்கும்போது தன் கண்ணிமை முடிகளே காட்சிக்குள் நிழலாக விழுகின்றன. சரி, அதுவும் நான் பார்ப்பதன் ஒரு பகுதிதானே என்று அவற்றையும் படத்தின் ஓரங்களில் அலையலையான கோடுகளாகப் போட்டார். அந்த அலைக்கோடுகளைப் பின்னாளில் அடிக்கடி பயன்படுத்தியதாக அவரே குறித்திருக்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து 'அலறல்' படத்தின் வானத்தில் நெளியும் கோடுகளைப் பார்க்கும்போது அவை இந்த நோயாளியின் அறையில் பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் நடுவில் இரண்டு பேரின் கைகளும் சேரும் இடத்துக்கு வாருங்கள். அங்கே விரல்கள் இல்லை. ஒரு சாயக் குழப்பம்தான் இருக்கிறது. 1886-இல் சிரித்தவர்கள் கைகூட வரையத் தெரியாதவன் என்று நினைத்திருப்பார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அழும்போது நமக்கு எதிரே இருப்பது எப்படித் தெரியும்? எல்லைகள் கரைந்து, ஒன்றில் ஒன்று ஓடித்தானே தெரியும்? மூங்க் கண்ணீரை வரையவில்லை. கண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் அந்தக் கைகள் எப்படி இருக்குமோ அப்படி வரைந்தார். அந்தச் சிறுமியைப் பார்க்கும் இடத்தில் அவர் நம்மை நிறுத்தவில்லை, பதின்மூன்று வயதுத் தம்பி நின்ற இடத்தில் நிறுத்துகிறார்.

அதே துக்கம், வேறு படம்

இவ்வளவு சொன்னபிறகு எளிதான ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: அக்கா செத்தாள், அதனால் இந்தப் படம் பிறந்தது. இந்த முடிவைத் தடுக்க இன்னொரு படம் இருக்கிறது.

கிறிஸ்டியன் குரோக், மூங்க்கைவிடப் பதினோரு வயது மூத்த ஓவியர். 1880-களின் தொடக்கத்தில் மூங்க்கும் நண்பர்களும் ஒரு ஓவியக்கூடத்தை வாடகைக்கு எடுத்தபோது வந்து வழிகாட்டியவர். அவருடைய தங்கை நானாவும் காச நோயில்தான் இறந்தாள், 1868-இல், மூங்க்கின் அம்மா இறந்த அதே ஆண்டில். 1881-இல் குரோக் 'நோயுற்ற பெண்' என்ற படத்தை வரைந்து முடித்தார். அதிலும் நாற்காலி, அதிலும் வெள்ளைத் தலையணை. சிறுமி நேராக நம் கண்ணைப் பார்க்கிறாள். கையில் ஒரு ரோஜா, இதழ்கள் உதிர்கின்றன. போர்வையின் மடிப்பு, நகம், சிவந்த இமை எல்லாம் அவ்வளவு தெளிவு. பார்த்தால் நெஞ்சு அடைக்கும் படம். அதைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரே நோய், ஒரே ஊர், இரண்டு பேருக்கும் உடன்பிறந்தவளின் சாவு. படங்களோ இரண்டு துருவங்கள். நோயாளிச் சிறுமிகளை வரைவது அன்றைக்கு ஐரோப்பாவில் பரவலான வழக்கமாகவே இருந்தது. அந்தக் காலத்தைத் தலையணைக் காலம் என்று மூங்க்கே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆக, துக்கம் மூங்க்குக்குக் கொடுத்தது காட்சியை மட்டும்தான். அந்தக் காட்சி குரோக்கிடமும் இருந்தது. குரோக் தங்கையை எதிரே உட்காரவைத்துப் பார்க்கிறார், நினைவு கலங்காமல் நிற்கிறது. மூங்க்குக்கு நினைவே கலங்கித்தான் வருகிறது, அந்தக் கலங்கலைச் சரிசெய்யாமல் அப்படியே துணிக்குக் கொண்டுவர அவர் கத்தியையும் தூரிகையின் பின்முனையையும் எடுக்க வேண்டியிருந்தது. உணர்ச்சி தானாக ஓவியத்தில் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. அதற்கு ஓர் ஆண்டு சுரண்டல் தேவைப்பட்டது.

ஊரே சிரித்த அந்தப் படத்தை மூங்க் கொடுத்தது குரோக்குக்குத்தான். குரோக் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார், மூங்க்குக்காகப் பேசினார். இன்று இரண்டு படங்களும் ஓஸ்லோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வயதாகிற துக்கம்

1889-இல் அரசு உதவித்தொகை கிடைத்து மூங்க் பாரிஸ் போனார். போன சில வாரங்களில் அப்பா இறந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போக முடியவில்லை.

1893-இல் மறுபடி சோஃபி இறந்த நாளுக்குப் போகிறார். 'நோயாளியின் அறையில் மரணம்' என்ற படம். இந்த முறை குடும்பம் முழுவதும் இருக்கிறது: அப்பா கைகூப்பி நிற்கிறார், சித்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையில். சோஃபி உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது, அவள் முகம் தெரியாது. இதில் என்னை உலுக்கும் விஷயம் ஒன்று. சாவு நடந்தது 1877-இல். ஆனால் தம்பி தங்கைகளை அவர் குழந்தைகளாக வரையவில்லை. 1893-இல் அவர்களுக்கு என்ன வயதோ அந்த வயதில், வளர்ந்தவர்களாக நிற்கவைத்திருக்கிறார். பதினாறு ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை, அங்கேயே நின்று வளர்ந்துவிட்டார்கள்.

அதே சிறுமியின் முகத்தை 1894-இல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்தார். 1896-இல் பாரிஸில் கல்லச்சில் எடுத்தார், தலையும் தலையணையும் மட்டும். அப்போது கூட இருந்த ஒரு ஓவியர் சொன்னது இது: அச்சுக் கற்கள் வரிசையாகத் தயாராக இருக்கும். மூங்க் வந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, காற்றில் விரலை ஆட்டியபடி, சாம்பல், பச்சை, நீலம், பழுப்பு என்று நிறங்களைச் சொல்வாராம். அச்சடிப்பவர் அதன்படி அடிப்பார். அடுத்த முறை வந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு என்பாராம். அதே கற்கள், அதே முகம். நிறம் மாறும்போது ஒன்றில் அவள் காய்ச்சலில் எரிகிறாள், இன்னொன்றில் குளிர்ந்துபோகிறாள்.

ஓவியமாக இரண்டாவது முறை வரைந்தது 1896-இல், இப்போது சுவீடனின் கோத்தன்பர்க்கில் இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் 1907-இல். ஐந்தும் ஆறும் 1920-களில். இதை ஆறாத புண் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இரண்டாவது படம் ஒரு நார்வேத் தொழிலதிபர் கேட்டு வரைந்தது. மூன்றாவது, சுவீடனைச் சேர்ந்த வங்கியாளர் எர்னஸ்ட் தீல் கேட்டு வரைந்தது. காசு வாங்கித்தான் வரைந்தார். அப்படியானால் துக்கம் பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பாரி பாடக் கூலி வாங்கும் பெண்ணின் குரலில் அவளுடைய சொந்தச் சாவுகளும் கலந்துதானே வருகின்றன? ஆறையும் ஒப்பிட்டால் முதல் படத்தின் சாம்பல் படர்ந்த இருட்டு குறைந்து பின்னால் வந்தவற்றில் பச்சையும் சிவப்பும் ஏறுகின்றன, தூரிகை வேகமாகிறது. கிளறிக் கிளறிக் கண்டுபிடித்த ஒன்றை, இப்போது கை மனப்பாடமாகச் சொல்கிறது. முதல் படத்தின் திணறல் பிந்தியவற்றில் இல்லை என்பது என் கருத்து. அவருக்கே அது தெரிந்திருக்கும்.

நான்காவது படத்துக்கு வேறொரு விதி. 1928-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. நாஜிகள் அதை இழிந்த கலை என்று சுவரிலிருந்து இறக்கினார்கள். மூங்க்கின் 82 படைப்புகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து இப்படி அகற்றப்பட்டன. நார்வே கப்பல் அதிபர் ஒருவர் வாங்கி, 1939-இல் லண்டனின் டேட் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

படத்தைப் பார்த்து நோய் சொன்னவர்கள்

வாழ்க்கையிலிருந்து ஓவியத்தை வாசிப்பது ஒன்று. ஓவியத்தைப் பார்த்து ஆளுக்குப் பட்டம் கட்டுவது வேறு. இரண்டாவதை மூங்க் நேரில் அனுபவித்தார். 1895-இல் கிறிஸ்டியானியாவில் அவர் படங்கள் வைக்கப்பட்டபோது மாணவர் சங்கத்தில் விவாதம் நடந்தது. யோஹான் ஷார்ஃபன்பெர்க் என்ற மருத்துவ மாணவர் எழுந்து, இந்தப் படங்களை வரைந்தவரின் மனநிலை சரியில்லை என்றார். மூங்க்குக்கு இது எங்கே குத்தியிருக்கும் என்று யோசியுங்கள். தங்கை லாரா ஏற்கெனவே மனநோயில் துன்பப்பட்டுக்கொண்டிருந்தாள். பரம்பரையாகத் தனக்கும் வந்துவிடும் என்ற பயம் அவரை இளமையிலிருந்தே துரத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் தம்பி ஆந்திரயாஸும் நிமோனியாவில் இறந்தான்.

'அலறல்' படத்தின் இடது மேல் மூலையில், பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்ற பொருளில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறது. பார்க்க வந்தவர் யாரோ கிறுக்கியது என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 2021-இல் ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்து, கையெழுத்துகளை ஒப்பிட்டு, எழுதியது மூங்க்கேதான் என்று அறிவித்தது. யாரோ தன்மேல் எறிந்த சொல்லை எடுத்துத் தன் படத்தின் மேலேயே சின்னதாக எழுதிவைத்திருக்கிறார். எவ்வளவு வலித்திருந்தால் அப்படிச் செய்யத் தோன்றும்!

1908-இல் குடியும் பதற்றமும் முற்றி உடைந்துபோனார். கோபன்ஹேகனில் டாக்டர் டேனியல் யாக்கப்சனின் மருத்துவமனையில் ஏறத்தாழ எட்டு மாதம் இருந்தார். நோயும் பயமும் இல்லாவிட்டால் தன் வாழ்க்கை சுக்கான் இல்லாத படகாகிவிடும் என்று எழுதிய மனிதர் அவர். நோய் தீர்ந்தால் கலையும் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. துன்பப்படாதவன் கலைஞனாக முடியாது என்று இளம் ஓவியர்களிடம் சொல்கிறோம். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூங்க் குணமாகி 1909-இல் நார்வே திரும்பினார். கிராகெரோ என்ற கடலோர ஊரில் தங்கி, தலைநகரிலிருந்த பல்கலைக்கழகத்தின் விழா மண்டபத்துக்கான சுவரோவியங்களைத் தொடங்கினார். 1916-இல் அவை திறக்கப்பட்டன. நடுவில் இருப்பது, ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலத்தில், கடலிலிருந்து எழுந்து பாறைகளின்மேல் கதிர்களை வீசும் சூரியன்.

அந்த நோயாளிச் சிறுமியை உட்காரவைத்த நாற்காலியைப் பற்றி மூங்க் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அம்மா தொடங்கித் தான் நேசித்தவர்களும் தானும் குளிர்காலம் குளிர்காலமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து சூரியனுக்காக ஏங்கினோம், சாவு வந்து கொண்டுபோகும் வரை ஏங்கினோம் என்கிறார். பல்கலைக்கழக மண்டபத்துச் சூரியனைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரிதான் முன்னால் வருகிறது. அது துக்கத்தை விட்டு விலகிப்போன படம் என்று சொல்கிறார்கள். நாற்காலியிலிருந்து அவர்கள் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் சூரியனை வரைந்து முடித்த பிறகும் அந்த அறைக்குத் திரும்பினார். 1916-இல் ஓஸ்லோவின் புறநகரில் ஏக்கேலி என்ற தோட்டத்து வீட்டை வாங்கித் தனியாக வாழத் தொடங்கினார். அங்கே இருந்த ஆண்டுகளில்தான் ஐந்தாவதும் ஆறாவதும் வந்தன. அக்காவுக்கு அப்போதும் அதே வயதுதான், தம்பிக்கு அறுபது தாண்டிவிட்டது. 1944 ஜனவரி 23 அன்று அந்த வீட்டில் இறந்தபோது தன்னிடமிருந்த படைப்புகளையெல்லாம் ஓஸ்லோ நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். கடைசி இரண்டு சிறுமிகளும் இன்று மூங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். சோஃபியின் பிரம்பு நாற்காலியை அறுபத்தாறு ஆண்டுகள், போன ஊர்களிலிருந்தெல்லாம் திரும்பி வந்து, விடாமல் வைத்திருந்தார். அதுவும் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.